சுவடளவு அமைன்: தைரமைனின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெரும் பொருள்களையே நாடுவர். அணுக்கரு, பரம்பரையலகு, தடுப்பூசி, பெனிசிலின் என்பன பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. அளவாற் சிறியதும், நெடுங்காலம் பொருட்படுத்தப்படாததும், வகைப்பெயரிலேயே தன் சிறுமையைச் சுமந்து நிற்பதுமான ஒரு பொருளின் வரலாறு அத்தகைய கவனத்தைப் பெறுவது அரிது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அத்தகைய பொருளொன்றையே. தைரமைன் என்பது அதன் பெயர். உயிரிரசாயனவியலார் அதனைச் 'சுவடளவு அமைன்கள்' எனும் தொகுதியுள் அடக்குவர்.

தைரமைனின் அமைப்பு எளியது. எட்டுக் காபன் அணுக்கள், பதினொரு ஐதரசன் அணுக்கள், நைதரசனும் ஒட்சிசனும் ஒவ்வொன்று; அவ்வளவே. நாம் உண்ணும் புரதங்களிலுள்ள தைரோசின் எனும் அமினோ அமிலம் ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூற்றை இழக்குமிடத்துத் தைரமைன் தோன்றும். இம்மாற்றத்தைப் பற்றீரியாக்களும் செய்யும், எமது இழையங்களும் செய்யும். பெயரின் வரலாறு 1846ஆம் ஆண்டிற்குச் செல்கிறது. ஜேர்மானிய இரசாயனவியலாளர் யுஸ்தஸ் வொன் லீபிக் பாற்கட்டியின் புரதமாகிய கேசீனைச் சிதைத்து ஒரு பளிங்குப் பொருளைப் பெற்றார். கிரேக்கத்திற் பாற்கட்டியைக் குறிக்கும் 'தைரோஸ்' எனும் சொல்லிலிருந்து அது தைரோசின் எனப் பெயர் பெற்றது. அதன் வழித்தோன்றலான அமைனும் அப்பெயரையே கொண்டது. பெயரில் உறைந்திருந்த இப்பாற்கட்டி நூறாண்டுகளுக்குப் பின்னர் உயிர்களைப் பறிக்கும் ஒரு விபரீதத்தின் மையமாகும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

தைரமைனின் உடற்றொழிலியல் வரலாறு அழுகலிலிருந்தே தொடங்குகிறது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அழுகிய இறைச்சியின் சாற்றை விலங்குகளின் நாளத்துட் செலுத்தினாற் குருதியமுக்கம் உயர்வதைப் பிரான்சிய ஆய்வாளர் அபெலூவும் அவர்தம் துணைவரும் 1906இல் அறிவித்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் நச்சுக்கொடியின் சாற்றிலும் இவ்வாற்றல் காணப்பட்டது. நச்சுக்கொடி சுரக்கும் ஒரு புதிய பொருள் கண்டறியப்பட்டதாகவே கருதப்பட்டது. ஆயின் ஒட்டோ ரோசன்ஹைம் 1909இல் ஓர் எளிய வேறுபாட்டைச் சுட்டினார். புதிய நச்சுக்கொடியில் அவ்வாற்றல் இல்லை. வைத்திருந்து பழுதடையத் தொடங்கியதிலேயே அது உண்டு. தாயின் உறுப்புச் சுரந்ததாக எண்ணப்பட்ட பொருள் பற்றீரியாக்களின் உற்பத்தியாகவே இருந்தது. அதே ஆண்டில் ஜோர்ஜ் பாஜரும் வால்போலும் அழுகிய இறைச்சியிலுள்ள அமுக்கமுயர்த்தும் பொருள்களைப் பிரித்தறிந்தனர். அவற்றுட் தைரமைனும் ஃபீனைலெத்திலமைனும் இருந்தன.

பாஜர் பணியாற்றியது பல்கலைக்கழகமொன்றிலன்று. மருந்து வணிகரான ஹென்றி வெல்கம் இலண்டனில் நிறுவிய ஆய்வுகூடத்தில். 1904இல் அங்கு சேர்ந்த இளம் உடற்றொழிலியலாளர் ஹென்றி டேலை, வணிகநிலையம் ஒன்றிற் சேர்ந்து விஞ்ஞானத்தை விலைக்கு விற்காதிருக்குமாறு நண்பர்கள் சிலர் எச்சரித்தனர். வெல்கம் அவருக்கு எடுத்துரைத்த பிரச்சினை எர்கொட் பற்றியது. றை தானியக் கதிரில் வளரும் ஒருவகைப் பங்கசு அது. மலிவான றை ரொட்டியை உண்ட ஐரோப்பிய ஏழைக் குடியானவரை நடுக்காலங்களிற் கூட்டங் கூட்டமாகக் கொன்ற நோய்க்குக் காரணமும் அதுவே. மருத்துவிச்சியர் மகப்பேற்றை விரைவுபடுத்தக் கையாண்ட மருந்தும் அதுவே. சந்தையில் விற்கப்பட்ட எர்கொட் சாறுகள் ஒன்றுபோல் ஒன்று வேலை செய்யாமையால் வணிகருக்கு இடர் நேர்ந்தது. இந்த வணிக இடரைத் தீர்க்கப் புகுந்த ஆய்விலிருந்தே தைரமைன், கிஸ்ரமைன், பின்னர் அசற்றைல்கோலின் ஆகியவற்றின் மருந்தியல் பிறந்தது. மூலதனத்தின் தேவை அறிவை வளர்த்த தருணங்களுள் இதுவும் ஒன்று. அதே தேவை அறிவைக் கண்மூடச் செய்த தருணத்தையும் இவ்வரலாற்றிலேயே காண்போம்.

1910இல் பாஜரும் டேலும் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளம். அமைப்பில் ஒன்றோடொன்று உறவுடைய பல அமைன்களை வரிசையாகச் செய்து, அவை குருதிக் குழாய், கருப்பை, கண்ணின் மணி முதலியவற்றில் நிகழ்த்தும் விளைவுகளை ஒப்பிட்டனர். பரிவு நரம்புகளைத் தூண்டுகையில் உண்டாகும் விளைவுகளைப் போன்றனவற்றை இவ்வமைன்கள் உண்டாக்கியமையால் அவற்றுக்குப் 'பரிவு நரம்பைப் போலச் செய்வன' எனும் பொருள்பட ஒரு பெயரைப் படைத்தனர். இன்றும் மருத்துவ மாணவர் பயிலும் சொல் அது. தைரமைனின் வலு அதிரனலினின் வலுவிலும் மிகக் குறைவு. எனவே அது அதிரனலினின் வலுக்குன்றிய தம்பி என்றே அடுத்த பல்லாண்டுகள் கொள்ளப்பட்டது.

இக்கருத்துப் பிழையெனக் காட்டும் சான்றுகள் சிறிது சிறிதாகவே திரண்டன. 1927இல் ரெயின்ரரும் சாங்கும் ஒரு முரண்பாட்டைக் கண்டனர்: கொக்கெயின் கொடுத்தபின் அதிரனலினின் விளைவு மிகும், தைரமைனின் விளைவோ குன்றும். அடுத்து, நரம்பு அறுபட்டு நலிந்துபோன குருதிக் குழாயில் தைரமைன் செயலற்றுப் போவதை ஜே. எச். பேர்ண் காட்டினார். ஆகவே தைரமைன் குழாயின் தசையை நேரே தாக்குவதில்லை; நரம்பின் நுனி அதற்கு வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு விடை 1958இற் கிடைத்தது. பேர்ணும் ரான்டும் ரிசேர்பின் எனும் மருந்து கொடுக்கப்பட்ட விலங்குகளில் தைரமைன் பயனற்றுப் போவதையும், நொரதிரனலினை உட்செலுத்தின் அதன் ஆற்றல் மீள்வதையும் கண்டனர். நரம்பு நுனியிலுள்ள நொரதிரனலின் களஞ்சியத்தை ரிசேர்பின் வெறுமையாக்கிவிடுகிறது. தைரமைன் செய்வதெல்லாம் அக்களஞ்சியத்தின் கதவைத் திறந்துவிடுவதே. களஞ்சியம் வெறுமையாயின் கதவைத் திறந்து பயனில்லை.

இவ்விடத்திற் சிறிது விலகிச் செல்லுதல் பொருந்தும். ரிசேர்பின் 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்திற் பிரித்தெடுக்கப்பட்டது, மூலம் சர்ப்பகந்தி. இம்மூலிகை இந்திய மருத்துவ மரபில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் அதில் ஆர்வங்கொள்வதற்கு இருபதாண்டுகள் முன்னரே, 1931இல், கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அது சித்தப்பிரமையிலும் உயர் குருதியமுக்கத்திலும் பயன்படுமாற்றை எழுதியிருந்தனர். தைரமைனின் இயக்கத்தை விளக்கிய கருவி எமது உபகண்டத்து வேரொன்றிலிருந்து வந்தது என்பதை மேலைநாட்டுப் பாடநூல்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. பழம்பெருமை பேசுவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. வேரின் பயனை அறிந்திருந்த மரபு அதன் இயக்கத்தை அறிந்திருக்கவில்லை; இயக்கத்தை அறிந்த ஆய்வுகூடம் வேரின்றி அதனை அறிந்திருக்கவும் முடியாது.

இனி, இவ்வரலாற்றின் மற்றொரு இழையைத் தொடர்வோம். 1928இற் கேம்பிரிட்ஜில் மேரி ஹெயர் எனும் இளம் ஆய்வாளர் ஈரலிற் புதிய நொதியமொன்றைக் கண்டார். ஒட்சிசனைப் பயன்படுத்தித் தைரமைனைச் சிதைக்கும் அந்நொதியத்திற்கு அவர் தைரமைன் ஒட்சியேற்றி எனப் பெயரிட்டார். அதன் தொழில் யாது என்பதற்கும் அவர் ஒரு விளக்கம் தந்தார்: குடலிற் பற்றீரியாக்கள் ஆக்கும் அமைன்கள் குருதியோட்டத்திற் புகுந்து கேடு விளைக்காதவாறு காப்பதே அதன் பணி. 1937இல், ஹிட்லரின் ஆட்சியிலிருந்து வெளியேறிய அகதியான ஹேர்மன் பிளாஷ்கோவும் துணைவரும் அதே நொதியம் அதிரனலினையும் சிதைப்பதைக் காட்டினர். அடுத்த ஆண்டில் செல்லர் அதற்கு ஓரமைன் ஒட்சியேற்றி எனப் பொதுப்பெயரிட்டார். மணத்தின் பின் மேரி பேர்ண்ஹைம் என வழங்கப்பட்ட ஹெயர், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் தொடக்க கால ஆசிரியர்களுள் ஒருவரானார். வாயிற்காவலன் ஒருவனை இனங்கண்டு, அவன் எதற்காக நிற்கிறான் என்பதையும் அவர் 1928இலேயே எழுதிவைத்துவிட்டார் என்பது இங்கு மனங்கொள்ளற்பாலது.

அடுத்த அத்தியாயம் காசநோய் விடுதியில் நிகழ்கிறது. நியூயோர்க்கைச் சார்ந்த ஸ்ரற்றன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில் 1952இல் ஐசோனியசிட்டு, இப்ரோனியசிட்டு எனும் இரு புதிய மருந்துகள் காசநோயாளருக்குக் கொடுக்கப்பட்டன. சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்தோர் பசி கொண்டனர், எடை கூடினர், விடுதியிற் கூடி ஆடினர். பத்திரிகைகள் அக்காட்சியைப் படம்பிடித்தன. இப்ரோனியசிட்டு உட்கொண்டோரின் களிப்பு நோய் தணிந்தமையால் மட்டும் விளைந்ததன்று என்பது பின்னரே புலப்பட்டது. அதே 1952இல் செல்லரின் ஆய்வு இப்ரோனியசிட்டு ஓரமைன் ஒட்சியேற்றியைத் தடுப்பதைக் காட்டியது. 1957இல் நேதன் கிளைனும் துணைவரும் அதனை உளச்சோர்வுக்கான மருந்தாக அறிவித்தனர். சிலரில் ஈரல் நோயை உண்டாக்கியமையால் இப்ரோனியசிட்டு வழக்கொழிந்ததாயினும், அதே நொதியத்தைத் தடுக்கும் வேறு மருந்துகள் சந்தைக்கு வந்தன. 'பார்னேற்' எனும் பெயரில் விற்கப்பட்ட திரானில்சைப்புரமைன் அவற்றுள் முதன்மையானது.

காவலனை அகற்றும் மருந்தை இலட்சக்கணக்கானோருக்குக் கொடுக்கையில், அவன் காத்துநின்ற வாயிலால் இனி எது நுழையும் என்ற வினாவை எவரும் எழுப்பவில்லை. ஹெயரின் கட்டுரை நூலகங்களில் இருந்தது. டேலின் கட்டுரை ஐம்பதாண்டுகளாக இருந்தது. தைரமைன் குருதியமுக்கத்தை உயர்த்தும் என்பது தெரியும்; இந்நொதியம் அதனை அழிக்கும் என்பது தெரியும்; இம்மருந்து அந்நொதியத்தைத் தடுக்கும் என்பதும் தெரியும். மூன்று உண்மைகளும் மூன்று துறைகளின் அலுமாரிகளில் வெவ்வேறாகக் கிடந்தன. அறிவின் உற்பத்தி துண்டுதுண்டாகப் பகுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் இது தற்செயலன்று என்பதே எமது கருத்து.

மருந்துண்டோர் சிலருக்குத் திடீரெனப் பிடரியில் இடித்தாற்போன்ற தலைவலி தோன்றியது. குருதியமுக்கம் கிடுகிடுவென உயர்ந்தது. சிலருக்கு மூளையிற் குருதிப் பெருக்கேற்பட்டது, இறந்தோரும் உளர். நோயாளர் உளச்சோர்வு மிக்கோராதலின் அவர்தம் தலைவலி முறையீடு எளிதிற் புறந்தள்ளப்பட்டது. இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் இளம் வைத்தியர் பரி பிளக்வெல் இத்தகைய நிகழ்ச்சிகள் பற்றி 1963இல் 'லான்செற்' இதழில் எழுதினார். அதனை வாசித்த நொட்டிங்ஹாம் நகர மருந்தாளர் ஒருவர் அவருக்கு ஒரு கடிதம் வரைந்தார். அம்மருந்தை உண்டுவந்த தம் மனைவிக்குப் பாற்கட்டி உண்டபின் இருமுறை இவ்வாறு நேர்ந்ததென்றும், வெண்ணெயாலும் பாலாலும் நேரவில்லையென்றும், பாற்கட்டியிலுள்ள ஏதோ ஒன்று காரணமாகலாமோ என்றும் அவர் வினவினார். வைத்தியர் வட்டாரத்தில் அக்கடிதம் முதலில் நகைப்புக்கே உரியதாயிற்று. ஆயின் பிளக்வெல் அதனை எறிந்துவிடவில்லை. பாதிக்கப்பட்ட நோயாளர் எதை உண்டனர் எனத் தேடத் தொடங்கினார். விடுதிச் சமையற்கூடத்தின் உணவுப் பட்டியலும் அவர்க்குச் சான்றாயிற்று. பாற்கட்டி மீண்டும் மீண்டும் தென்பட்டது. அவ்வாண்டிலேயே அசற்றூர், லெவி, மில்ன் எனும் மூவர் பாற்கட்டியிலுள்ள தைரமைனே இதன் காரணம் எனச் சுட்டினர். 1846ஆம் ஆண்டுப் பெயர் 1963இல் தன் பொருளை வெளிப்படுத்தியது.

விளக்கம் நேரானது. நலமுள்ள ஒருவர் பல நூறு மில்லிகிராம் தைரமைனை உணவுடன் உட்கொள்ளினும் குடற்சுவரிலும் ஈரலிலுமுள்ள நொதியம் அதனை அழித்துவிடும். நொதியம் தடுக்கப்பட்டவரிலோ 10 மில்லிகிராமளவே கேடு விளைக்கப் போதும்; நன்கு முதிர்ந்த பாற்கட்டியின் சிறு துண்டொன்றில் அவ்வளவு அடங்கலாம். தப்பிய தைரமைன் நரம்பு நுனிகளை அடைந்து, நிரம்பிக் கிடக்கும் நொரதிரனலின் களஞ்சியத்தைத் திறந்துவிடும். பேர்ணும் ரான்டும் 1958இற் கண்ட கதவு இதுவே.

பார்னேற் 1964இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. அதே ஆண்டிலேயே கட்டுப்பாடுகளுடனும் உணவு எச்சரிக்கையுடனும் அது மீண்டது. அதனால் நன்மை பெற்றோரும் இருந்தமையின் அம்மீட்சியை முற்றாகப் பிழையெனக் கூறுவதற்கில்லை. ஆயினும் எச்சரிக்கையின் மூலம் எது என்பது ஆராயற்பாலது. அது நிறுவனத்தின் சோதனைக்கூடத்திலிருந்தோ பேராசிரியரிடமிருந்தோ வரவில்லை. ஒரு பெண்ணின் தலைவலியையும் அவள் உண்டதையும் ஒருங்கே நோக்கிய ஒருவரிடமிருந்தே வந்தது.

தவிர்க்கவேண்டிய உணவுகளின் பட்டியல் இதன்பின் நீண்டது: முதிர்ந்த பாற்கட்டி, சிலவகைத் திராட்சை மது, அவரையினக் காய்கள், பதப்படுத்திய இறைச்சி, மதுவச்சாறு. இறுதியாகக் கூறியது 'மார்மைட்' எனும் பெயரில் எமது நாட்டு வீடுகளிலும் புழங்குவது. ஏனையவை ஐரோப்பியரின் மேசையைச் சார்ந்தவை. பட்டியலை ஆக்கியோர் தம் நோயாளர் உண்பதையே நோக்கினர், அதில் வியப்பில்லை. நாம் உண்பதை நாமே நோக்கவேண்டும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. இப்ரோனியசிட்டின் உடன்பிறப்பான ஐசோனியசிட்டு இன்றும் காசநோய்க்குரிய முதன்மை மருந்துகளுள் ஒன்று. அதனை உண்டுவந்த நோயாளர் சிலர் சூரையின மீனை உண்டபின் முகஞ்சிவப்பு, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கண்சிவப்பு ஆகியவற்றுக்கு ஆளாவதைக் கொழும்பின் மார்புநோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொடவும் மருந்தியற் பேராசிரியர் எஸ். ஆர். கோட்டேகொடவும் 1977இல் அறிவித்தனர். இங்குக் காரணி தைரமைனன்று. அதன் ஒன்றுவிட்ட உறவான கிஸ்ரமைன். குளிரூட்டப்படாத மீனிற் பற்றீரியாக்கள் கிஸ்ரிடினைக் கிஸ்ரமைனாக்குகின்றன. சமைத்தாலும் அது அழிவதில்லை. உடலில் அதனைச் சிதைக்கும் நொதியத்தை ஐசோனியசிட்டுத் தடுக்கிறது. பாற்கட்டிக் கதையின் அதே அமைப்பு, மீன் சந்தையில். காசநோய் வறியவரின் நோய். பனிக்கட்டி சேராத மலிவு மீன் வறியவரின் உணவு. இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில் நிகழும் ஒன்றை இலண்டனிலோ நியூயோர்க்கிலோ எவர் எழுதியிருப்பர்?

தைரமைனை நச்சாக மட்டும் நோக்குதல் பாதி வரலாறே. இவ்வமைன்கள் எமது மூளையிலும் இயல்பாக உள்ளன. அளவு மிகச் சொற்பம்: ஒரு கிராம் இழையத்தில் 100 நானோகிராமிலும் குறைவு. டோப்பமைன், நொரதிரனலின் ஆகியவற்றோடு ஒப்பிடின் இது நூற்றிலொரு பங்கும் இராது. ஆதலின் வேறு அமைன்கள் ஆக்கப்படும்போது சிந்தும் துணுக்குகளே இவையென நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 1970களிற் கனடாவின் சஸ்கற்றூன் நகரில் அலன் போல்ற்றனும் அவர்தம் குழுவினரும் திணிவு நிறமாலைமானியைக் கொண்டு இவற்றை அளந்தனர். 'சுவடளவு அமைன்கள்' எனும் வழக்கும் அவ்வாய்வுகளின் ஊடாகவே நிலைபெற்றது. அளந்தபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. ஃபீனைலெத்திலமைன் போன்றவை ஏறத்தாழ அரை நிமிடத்தில் தம் அளவிற் பாதியை இழக்கின்றன. ஆயினும் மூளையில் அவற்றின் அளவு குறைவதில்லை. அவை ஆக்கப்படும் வேகம் டோப்பமைனின் வேகத்தோடு ஒப்பிடத்தக்கது. கிணற்றில் நீர் அரையடியே நிற்கிறது என்பதைக் கொண்டு ஊற்று வற்றியது எனல் தகாது; இறைப்பு விரைவாக இருந்தாலும் நீர் அரையடியே நிற்கும்.

இக்காலத்தின் அவசரங்களையும் மறைத்தலாகாது. 1962இற் பிரீட்ஹொஃப், வான் விங்கிள் என்போர் மனப்பிளவு நோயாளரின் சிறுநீரில் ஓர் இளஞ்சிவப்புப் புள்ளியைக் கண்டு, ஃபீனைலெத்திலமைனின் வழிவந்த பொருளொன்றை அந்நோயின் அடையாளமாகக் காட்டினர். பல ஆய்வுகூடங்கள் அதன் பின்னே ஓடின. ஈற்றில் அப்புள்ளி நோயில்லாதோரிலும் தோன்றுவதும், உணவும் மருந்தும் அதனைப் பாதிப்பதும் புலனாயின. சிக்கலான ஒரு துன்பத்தை ஒரு புள்ளிக்குள் அடக்கும் ஆசை இத்துறையில் அடிக்கடி தலைகாட்டுவது. தைரமைனே ஒற்றைத்தலைவலிக்குக் காரணம் என 1967இல் எட்டா ஹனிங்ரன் முன்வைத்த கொள்கையும் பின்வந்த சோதனைகளில் ஒரே சீரான ஆதரவைப் பெறவில்லை.

முதுகெலும்பற்ற விலங்குகளில் இவ்வமைன்களின் நிலை வேறு. இத்தாலியரான விற்றோரியோ எஸ்பாமர் ஒக்டோபஸ் எனும் கடல்வாழ் உயிரியின் உமிழ்நீர்ச் சுரப்பியிற் கண்டமையால் ஒக்டோபமைன் எனப் பெயர் பெற்ற பொருள், தைரமைனிலிருந்தே ஆக்கப்படுவது. எம்மில் நொரதிரனலின் ஆற்றும் பணிகள் பலவற்றைப் பூச்சிகளில் அதுவே ஆற்றுகிறது. மின்மினியின் ஒளிர்வும் வெட்டுக்கிளியின் பறப்பும் அதன் ஆட்சிக்குட்பட்டவை. பூச்சிகளிற் தைரமைனுக்கே தனி வாங்கிகளும் உள. எம்மிற் சுவடாக எஞ்சியது பிறிதோர் உயிரினத்தில் முதன்மைத் தூதுவனாக விளங்குவதை நோக்குமிடத்து, சுவடு எனும் சொல் மனிதனை அளவுகோலாகக் கொண்ட சொல் என்பது தெளிவாகும்.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இரு குழுக்கள், பொரோவ்ஸ்கியும் துணைவரும் ஒருபுறம், பன்சோவும் துணைவரும் மறுபுறம், பாலூட்டிகளிற் தைரமைனையும் ஃபீனைலெத்திலமைனையும் ஏற்கும் வாங்கியொன்றைத் தனித்தனியே அறிவித்தன. துணுக்குகள் எனப்பட்டவற்றுக்கும் தமக்கெனப் பூட்டொன்று இருப்பது உறுதியாயிற்று. டோப்பமைன் நரம்புகளின் கிளர்ச்சியை அவ்வாங்கி மட்டுப்படுத்துவது அறியப்பட்டதும் மருந்து நிறுவனங்கள் விரைந்தன. மனப்பிளவு நோய்க்கென அதனைத் தூண்டும் உலோற்றறொன்ற் எனும் மருந்து பெரும் எதிர்பார்ப்புடன் சோதிக்கப்பட்டது. 2023இல் வெளியான இறுதிக்கட்டச் சோதனைகளில் அது வெற்றுமாத்திரையை விட மேம்பட்டதாக நிறுவப்படவில்லை; வெற்றுமாத்திரை பெற்றோரும் குறிப்பிடத்தக்களவு தேறியிருந்தனர். வாங்கியின் தொழில் பற்றிய வினாக்கள் இதனால் மூடப்படவில்லை.

அவ்வாங்கிக்கு உறவினர் பலர் உண்டு. மனிதரில் ஆறு தொழிற்படும் பரம்பரையலகுகள், சுண்டெலியில் பதினைந்து. இவ்வுறவினர் மூளையில் என்ன செய்கின்றனர் எனத் தேடிக்கொண்டிருந்த வேளையில், 2006இல் லிபர்லசும் லின்டா பக்கும் அவர்களை மூக்கிற் கண்டனர். மணத்தை அறியும் கலங்களில் அவை அமைந்துள்ளன. ஊனுண்ணி விலங்குகளின் சிறுநீரில் மிகுந்துள்ள ஃபீனைலெத்திலமைனை எலிகள் இவ்வாங்கிகளுள் ஒன்றின் வழியே முகர்ந்து விலகியோடுகின்றன. அழுகும் ஊனில் தோன்றும் கடாவரின் எனும் அமைனை வரிக்குதிரை மீன் மற்றொன்றின் வழியே அறிந்து ஒதுங்குவது 2013இற் காட்டப்பட்டது. அபெலூவும் பாஜரும் அழுகிய இறைச்சியிற் தேடிய பொருள்களை விலங்கினம் நெடுங்காலத்திற்கு முன்னரே மூக்கால் இனங்கண்டிருந்தது. 2001இற் கண்டறியப்பட்ட முதல் வாங்கிக்கு மட்டும் மூக்கில் இடமில்லை. குடும்பத்தில் அது ஒன்றே மணத்தோடு தொடர்பற்று மூளையிலும் குடலிலும் தொழிற்படுகிறது.